துலிப்புக்கு முதலில் குளிர், பிறகுதான் கண்ணாடி வீடு

போன வருடம் மாசி மாதம், கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தியின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வீட்டுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட கண்ணாடி வீடு, உள்ளே வரிசையாக இருபது சட்டி. ஒவ்வொன்றிலும் துலிப் இலை இரண்டு மூன்று, சாண் உயரம்கூட இல்லை. பூ இருக்கவேண்டிய இடத்தில் சாவி நெல் மாதிரி ஏதோ ஒன்று காய்ந்து கிடந்தது.

"அக்கா, கார்த்திகையிலேயே நட்டனான். ஹீட்டர் போட்டு இருபது பாகைக்குக் குறையாமல்தான் வச்சிருக்கிறன். என்ன பிழை விட்டனான்?"

"ஹீட்டர் போட்டதுதான் பிழை" என்று எழுதினேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிவைப்போம் என்றுதான் இது. குளிர்தேசத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வீடும் ஒரு பழைய பிரிட்ஜும் வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஊரில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுப் போகலாம். அங்கே மல்லிகை இருக்கும்போது இதற்கு ஏன் மினைக்கெடவேண்டும்?

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராய். செம்பாட்டு மண்ணில் வெங்காயம் வைத்த வீடு. ஐயா விதைவெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி மாலின் கூரை வளையில் தொங்கவிடுவார். அதற்குக் கீழேதான் நாங்கள் படித்தது, படுத்தது எல்லாம். 1993 இல் ஹொலண்டுக்கு வந்தபோது மொழி தெரியாத எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஹோர்ன் பட்டினத்துக்குக் கிழக்கே ஒரு துலிப் தோட்டத்தில் கிழங்கு உரிப்பது. பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. இப்போது அவர்கள் ஊருக்கு நான் வெங்காயம் உரிக்க வந்திருக்கிறேன். அதே தோட்டத்தில் 19 குளிர்காலம் நின்றேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஆறு சதுர மீற்றரில் ஒரு கண்ணாடி வீடு எனக்கே எனக்கு.

பூ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது

கிழங்கு என்று சொன்னாலும் துலிப்பும் வெங்காயம் மாதிரித்தான்: தட்டையான அடி, அதைச் சுற்றிச் சதைப்பற்றான மடல்கள், நடுவில் குருத்து. தோட்டத்தில் ஒவ்வோர் ஆவணியிலும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு வகையிலும் நாலைந்து கிழங்கை எடுத்து, சின்னக் கத்தியால் மடல்களைச் சீவிச் சீவி நடுக்குருத்துக்கு வருவார். பிறகு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசிக் குறுணி அளவு. அதற்குள்ளே ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், நடுவில் மூன்று மூலையாகப் பிரிந்த சூலகம். ஒரு முழுப்பூ. அந்தச் சூலகம் தெரிந்தால் கிழங்கு 'ஜி' நிலைக்கு வந்துவிட்டது என்பார்கள். ஒல்லாந்து மொழியில் அந்த எழுத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமவேண்டும். எனக்கு இன்னும் சரியாக வராது.

ஆகவே பூவை உருவாக்குவது உங்கள் வேலையே இல்லை. கோடைச் சூட்டில் கிழங்கு அதைத் தானாகவே செய்து முடித்துவிடும். மிச்சம் இருப்பது தண்டு நீளுவது. துலிப்பின் பூர்வீகம் நடு ஆசியாவின் மலைகள். கோடையில் காய்ந்த மண், குளிர்காலத்தில் உறைபனி. ஒரு முழுக் குளிர்காலம் தன் மேலால் போனது என்று தெரியாமல் அது தண்டை நீட்டாது. குளிரில்தான் மடல்களில் இருக்கும் மாப்பொருள் சீனியாக மாறித் தண்டு நீளத் தயாராகும். குளிர் காட்டாமல் நேரே சூட்டில் வைத்தால் தங்கச்சியின் சட்டியில் நடந்ததுதான் நடக்கும். பதினாறு கிழமை குளிருக்கு, மூன்றரைக் கிழமை கண்ணாடி வீடு. கணக்கு அவ்வளவுதான்.

வாங்குவது

ஆவணிக் கடைசியிலிருந்து கடைகளுக்கு வரும். நவம்பர் கடைசியில் பாதி விலைக்குப் போடும் கலப்புப் பைகளை வாங்கவேண்டாம். அவை அநேகமாகச் சின்னக் கிழங்கு, அதோடு காலமும் பிந்திவிடும். கிழங்கின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் பையில் போட்டிருப்பார்கள். 12 அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள். 11/12, அதாவது 11க்கும் 12க்கும் இடைப்பட்டது, பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் பூ சிறுக்கும், சிலதில் வரவே வராது. கண்ணாடி வீட்டுக்கு எல்லா வகையும் சரிவராது. மஞ்சளில் ஸ்ட்ரோங் கோல்ட், சிவப்பில் வெள்ளைக் கரை போட்ட லேன் ஃபான் டெர் மார்க், ஊதாவில் பேர்ப்பிள் பிரின்ஸ். இந்த மூன்றும் என்னை ஏமாற்றியதில்லை. கிளிமூக்கு இதழ், இரட்டை அடுக்கு எல்லாம் படத்தில் வடிவுதான். முதல் வருடம் ஆசைப்படாதீர்கள்.

ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்து அடித்தட்டைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். கல்லு மாதிரி இருக்கவேண்டும். மெத்தென்று இருந்தால், அல்லது கைக்குப் பாரமில்லாமல் இருந்தால், மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கள். புளித்த மணம் வந்தால் அது பியுசேரியம் பூஞ்சணம் பிடித்தது. தோட்டத்தில் அதற்குப் பெயர் 'சூர்', அதாவது புளிப்பு. நான் கற்ற முதல் ஒல்லாந்துச் சொற்களில் அதுவும் ஒன்று. தோலில் பச்சைநீலப் பூஞ்சணம் மேலோட்டமாக இருந்தால் பயமில்லை, துடைத்துவிட்டு நடலாம். சூர் பிடித்ததை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது எத்திலீன் வாயுவை விடும். அந்த ஒரு கிழங்கு பக்கத்தில் இருக்கும் நல்ல கிழங்குகளின் பூவையும் கருக்கிவிடும்.

குளிரில் வைக்கும்வரை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பிக் காற்றோட்டமாக, 17 முதல் 20 பாகைக்குள் வையுங்கள். வெயில் படக்கூடாது.

உரிப்பது

இதில்தான் எனக்குக் கொஞ்சம் பெருமை. மண்ணிறத் தோல் அடித்தட்டைச் சுற்றி இறுக்கமாக இருந்தால் வேர் வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே மேல்நோக்கி ஓடும். அப்படி ஓடிய கிழங்கு பெட்டியில் சரியாக நிற்காது. கிழங்கைத் தலைகீழாகப் பிடித்து, வேர் முளைக்கும் வளையத்தைச் சுற்றியுள்ள தோலைப் பெருவிரல் நகத்தால் ஒரு சுற்று நெம்பினால் போதும். முழுக்க உரிக்கவேண்டியதில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குஞ்சுக் கிழங்குகளையும் கழற்றிவிடுங்கள்.

கையுறை போடுங்கள், அதுவும் நைட்ரைல் உறை. முதல் வருடம் நான் கேட்கவில்லை. வெங்காயம் உரித்த கைக்கு இது என்ன என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் விரல் நுனிகள் சிவந்து, வெடித்து, நகத்துக்குக் கீழே மிளகாய்த்தூள் ஏறின மாதிரி எரிந்தது. இரவில் சோறு பிசைய முடியவில்லை, கரண்டியால்தான் சாப்பிட்டேன். கிழங்கிலுள்ள துலிபலின் என்ற பொருளால் வருவது அது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'துலிப் விரல்' என்பார்கள். பத்து இருபது கிழங்கு உரிப்பவருக்கு வராது. நூறு உரித்தால் வரலாம்.

நடுவது, குளிர்காட்டுவது

நான் 60க்கு 40 சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் பெட்டியில் நடுகிறேன். அடியில் ஓட்டை உள்ள பெட்டி. தோட்டத்தில் இந்த அளவுப் பெட்டிக்கு 80, 100 என்று அடுக்குவார்கள். வீட்டில் 60 போதும். கடை மண்ணும் ஆற்றுமணலும் பாதிக்குப் பாதி. எருவோ உரமோ வேண்டாம். இந்தப் பயணத்துக்கு வேண்டிய சாப்பாட்டைக் கிழங்கு கொண்டே வந்திருக்கிறது. ஏழெட்டுச் சென்ரிமீற்றர் மண் போட்டு, கிழங்கை ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு விரல் இடைவெளியில் அழுத்தி, நுனி மட்டும் தெரிய மண்ணால் மூடி, மேலே இரண்டு சென்ரிமீற்றர் வெறும் மணல். அந்த மணல் பாரத்துக்கு. வேர்கள் ஒரேயடியாகக் கீழே உதைக்கும்போது கிழங்கு மேலே எழும்பிவிடும். நான் மணல் போடாத வருடம் பெட்டி முழுக்கக் கிழங்குகள் கால் ஊன்றி எழும்பி நின்றன.

இனிக் குளிர். செப்டெம்பர் 20 அளவில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி 9 பாகையில் வைக்கிறேன். இந்தச் சூட்டில்தான் வேர் நன்றாக ஓடும். நாலைந்து கிழமையில் அடி ஓட்டைகளால் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பார்த்ததும் 5 பாகைக்கு இறக்கிவிடுவேன். டிசம்பர் கடைசியில் முளை நாலு விரலுக்கு மேல் போய்விட்டால், கண்ணாடி வீட்டில் இடம் வரும்வரை 2 பாகையில் அடக்கிவைக்கலாம். மண் காயவும் கூடாது, சொதசொதக்கவும் கூடாது. கிழமைக்கு ஒருமுறை பெட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பாரம் பார்த்தால் கை சொல்லிவிடும். ஜனவரி 10 அளவில் பதினாறு கிழமை. பெப்ரவரி முதற்கிழமையில் பூ. தைப்பொங்கலுக்குக் கிடைக்காது, தைப்பூசத்தை ஒட்டிக் கிடைக்கும். பொங்கலுக்குத்தான் வேண்டும் என்று நிற்பவர்கள், முன்கூட்டியே குளிர்காட்டிய கிழங்காகக் கேட்டு வாங்கி நாளைப் பின்னோக்கி எண்ணவேண்டும்.

எங்கே வைப்பது? என்னிடம் இரண்டாம் கையாக 40 யூரோவுக்கு வாங்கிய, உயரமான பிரிட்ஜ் ஒன்று கொட்டிலில் நிற்கிறது. தட்டுகளைக் கழற்றிவிட்டேன். பிரிட்ஜில் எழுதியிருக்கும் இலக்கத்தை நம்பவேண்டாம், இரண்டு யூரோ வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிடுங்கள். பிரிட்ஜ் இல்லாவிட்டால் பழைய காலத்து வழி இருக்கிறது: தோட்டத்தில் ஒரு கிடங்கு வெட்டி, பெட்டிகளை இறக்கி, மேலே மண், அதற்கு மேலே வைக்கோல். இந்த நாட்டில் பல காலம் அப்படித்தான் செய்தார்கள். கனடாக் குளிரில் கிடங்கு உறைந்து இறுகிவிடும். அங்கே சூடாக்காத கராஜ்தான் நல்லது.

மண்ணில் நடாமல் கிழங்கை உலர்ந்தபடியே 5 பாகையில் 12 கிழமை வைத்து, பிறகு கண்ணாடி வீட்டு நிலத்திலேயே நேரே நடுகிற முறையும் உண்டு. வேர் அங்கே போய்த்தான் விடும் என்பதால் முதல் இரண்டு கிழமை குளிர்ச்சியாக வைக்கவேண்டும். பூ வர ஏழெட்டுக் கிழமை ஆகும். இப்போது பெரிய தோட்டங்களில் பெரும்பாலும் மண்ணே இல்லை. ஆணிமுனை வைத்த தட்டில் கிழங்கைக் குத்தித் தண்ணீரில் வேர்விட வைக்கிறார்கள். வேலை சுத்தம், நகத்தில் மண் இல்லை. எனக்கென்னவோ மண் இல்லாவிட்டால் தோட்டம் செய்த மாதிரி இல்லை.

பிரிட்ஜைப் பற்றி ஒன்று. என் முதல் பெட்டிகள், 180 கிழங்கு. ஒக்டோபரில் பக்கத்து வீட்டு மனிசி தங்கள் மரத்து எல்ஸ்டார் அப்பிள் ஒரு பை தந்திருக்கிறா. என் கணவர் அதைக் கொண்டுபோய், "கொட்டில் பிரிட்ஜில இடம் கிடக்குதுதானே" என்று பெட்டிகளுக்கு மேலே வைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. மூன்று கிழமை. அப்பிள் பழுக்கப் பழுக்க விடுவதும் அதே எத்திலீன்தான். ஜனவரியில் இலை வந்தது, மொட்டும் வந்தது. மொட்டைத் தொட்டால் வெங்காயச் சருகு மாதிரிச் சரசரத்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே காகிதம். 180இல் ஏழு பூத்தது. இவர் அந்த ஏழு பூவையும் போத்தலில் வைத்து மேசையில் வைத்தார். நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. அப்பிள், பேரிக்காய், வாழைப்பழம், தக்காளி, எதுவும் அந்தப் பிரிட்ஜுக்குக் கிட்டவும் போகக்கூடாது. இப்போது கதவில் பூட்டு இருக்கிறது.

கண்ணாடி வீட்டில் மூன்றரைக் கிழமை

உள்ளே கொண்டுவருமுன் இரண்டு பார்க்கவேண்டும்: பெட்டியின் அடியில் வேர், மேலே ஐந்தாறு சென்ரிமீற்றர் முளை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இன்னும் ஒரு கிழமை குளிரில் கிடக்கட்டும்.

முதல் நாலு நாள் பெட்டிகளின் மேல் கறுப்புத் துணி கட்டி நிழலாக, 13, 14 பாகையில் விடுவேன். தண்டு சற்று நீளும். பிறகு துணியை எடுத்துவிட்டு 16, 17. 20க்கு மேல் போகவிடாதீர்கள். பூ வேளைக்கு வரும், ஆனால் தண்டு நூல் மாதிரி, நிறம் வெளிறல். 2022 இல் காஸ் விலை ஏறினதிலிருந்து நான் 15க்கு மேல் ஏற்றுவதில்லை. ஒரு கிழமை பிந்துகிறது. பூ இன்னும் உரமாக வருகிறது, அதனால் விலை இறங்கியும் நான் மாற்றவில்லை.

தண்ணீர் காலையில், மண்ணுக்கு மட்டும். இலையில் துளி நின்றால் பொட்ரிட்டிஸ் பூஞ்சணம் புள்ளி வைக்கும், பிறகு பெட்டிக்குப் பெட்டி பரவும். அதைவிட முக்கியம் காற்று. வெளியே குளிர் என்று கண்ணாடி வீட்டை இறுக்கிப் பூட்டிவைப்பதுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. சூடு போகும் என்று பயம். உள்ளே ஈரம் நிறைந்து கண்ணாடியில் ஒழுகும். செடியால் நீரை ஆவியாக விடமுடியாது. ஆவி போகாவிட்டால் கீழேயிருந்து தண்ணீரும் ஏறாது, தண்ணீரோடு ஏறவேண்டிய கல்சியமும் ஏறாது.

அது ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஜனவரி, நாலு நாள் விடாத மழைமூட்டம், கூரைச் சாளரம் திறக்காமல் விட்டிருந்தார்கள். அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கும். காலையில் உள்ளே போனால் ஒரு பாத்தியில் பூக்கள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். பூவுக்கு நாலு விரல் கீழே தண்டில் ஓரிடம் கண்ணாடி மாதிரி, தண்ணீரில் ஊறின மாதிரித் தெளிவாக இருந்தது; விரல் வைத்ததும் அந்த இடத்தில் மடிந்தது. உடன் வேலை செய்தவர்கள் "கீப்பர், கீப்பர்" என்று கத்தினார்கள். இங்கே உதைபந்தாட்டத்தில் கோல் காப்பவரும் கீப்பர்தான். பந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். சரிந்து விழுவது என்பதற்கும் அதே உச்சரிப்பில் ஒரு சொல் இருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

அதனால் எவ்வளவு குளிரானாலும் மத்தியானம் அரை மணித்தியாலம் கூரைச் சாளரத்தை ஒரு விரற்கடை திறந்துவிடுங்கள். மேசை மின்விசிறி ஒன்று மூலையில் மெல்ல ஓடினால் இன்னும் நல்லது. கிழமைக்கு ஒருமுறை லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்து ஊற்றுவேன். நான் போடும் உரம் அது ஒன்றுதான்.

பிடுங்குவது

பத்தொன்பது இருபதாம் நாளிலிருந்து காலையும் மாலையும் பாருங்கள். பச்சை மொட்டின் கீழிருந்து நிறம் ஏறிவரும். மூன்றில் இரண்டு பங்கு நிறம் வந்து, மொட்டு இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும்போது எடுக்கவேண்டும். விரிந்தபின் எடுத்தால் போத்தலில் இரண்டு நாள்தான். கத்தரிக்கோலால் வெட்டவேண்டாம். தண்டின் அடியைப் பிடித்துக் கிழங்கோடு பிடுங்கி, பிறகு கிழங்கைச் சீவிவிட்டால் மண்ணுக்குள்ளே இருந்த இரண்டு மூன்று சென்ரிமீற்றரும் சேர்ந்து வரும். பத்துப் பத்தாகச் சேர்த்து, பத்திரிகைத் தாளால் இறுக்கமாகச் சுற்றி, இரண்டு மணித்தியாலம் குளிர்தண்ணீரில் நிமிர்த்தி வையுங்கள். சுற்றாமல் விட்டால் தண்டு வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டிய பிறகும் துலிப் வளரும், வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். காலையில் சுவாமிப் படத்தைப் பார்த்து நின்றது மாலையில் யன்னலைப் பார்த்து நிற்கும். வளைந்துவிட்டது என்று யாரும் குறை சொன்னால் அதன் குணம் அது என்று சொல்லுங்கள்.

மிஞ்சின கிழங்கு? தின்னக்கூடாது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் இந்த நாட்டு மேற்குப்பக்கத்துச் சனம் துலிப் கிழங்கை, நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தை எடுத்தெறிந்துவிட்டு, அவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அது வேறு வழியில்லாத காலம். நாய் வளர்க்கும் வீட்டில் கண்ட இடத்தில் எறியவும் வேண்டாம். தோட்டங்களில் எல்லாவற்றையும் குப்பையாகத்தான் அள்ளுவார்கள். அம்மாவுக்கு மட்டும் இது விளங்கவே இல்லை. தொலைபேசியில் ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி: "அப்ப விதைக்கு ஒண்டும் பிடி கட்டி வைக்கேல்லையோ பிள்ளை?" பூத்து முடிந்த கிழங்கு சுருங்கி இரண்டு மூன்று குஞ்சாகப் பிரிந்துவிடும், அதைத் திரும்பக் கண்ணாடி வீட்டில் பூக்கவைக்க முடியாது என்று எத்தனை தரம் சொன்னாலும், வெங்காயத்தை எறிகிற வீடு உருப்படாது என்கிற மாதிரி ஒரு மௌனம்.

போன வருடம் அம்மாவுக்காக ஒரு பெட்டியை விட்டுவைத்தேன். பூவை மட்டும் கிள்ளி எடுத்து, இலை மஞ்சளாகும்வரை தண்ணீர் ஊற்றி, குஞ்சுகளைக் காயவைத்து, ஒக்டோபரில் வேலிக்கரையில் தாட்டேன். இந்த ஏப்ரலில் ஒற்றை இலைகளாக நிறைய வந்தன. ஒற்றை இலை வந்தால் அந்த வருடம் பூ இல்லை. ஒரு பெட்டியில் இரண்டே இரண்டுதான் பூத்தது, இரண்டும் மஞ்சள். படமெடுத்து அனுப்பினேன்.

"காணும்" என்றா அம்மா. "அதைக் கவனமா எடுத்துவை."